ரொம்ப விவரமாக இருக்காதீர்கள்

நம் வீடுகளில் ஒரு பிள்ளையைப் பாராட்டவேண்டும் என்றால் "விவரமான புள்ளை" என்பார்கள். பரிதாபப்படவேண்டும் என்றால் "பாவம், வெகுளி" என்பார்கள். துபாயிலும் சார்ஜாவிலும் மஸ்கட்டிலும் தோஹாவிலும் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லும் சீக்கிரமே பழகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் பாடமும் மனப்பாடம் ஆகிவிடும்: பெரிய ஆளாவது என்றால் விவரமான ஆளாவது.

இந்தப் பாடம் பாதிதான் சரி. மீதிப் பாதி நம்மைக் கெடுக்கிறது. அந்த மீதிப் பாதியோடுதான் இன்று எனக்குச் சண்டை. இங்கேயே வளர்ந்து, இங்கேயே ஐடி வேலை பார்த்து, முப்பதைத் தாண்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இப்போது 16, 18, 20 வயது. உங்களிடம் இன்னும் கொஞ்சம் வெகுளித்தனம் மிச்சம் இருக்கும். அதை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

பெரியவர்கள் பக்கத்து நியாயம்

முதலில் அப்பா அம்மாக்களின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சும்மா பயப்படவில்லை.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. அடுத்த சில வாரங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். பெரும்பாலானவர்கள் ஜோர்டானின் அம்மான் வரை பாலைவனத்தைக் கடந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஊர் சேர்ந்தார்கள். பல வருட உழைப்பை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு இறங்கியவர்கள் அவர்களில் உண்டு. 2008 கடைசியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது துபாயில் கட்டுமானங்கள் பாதியில் நின்றன. காலையில் வேலைக்குப் போன அப்பா மாலையில் வேலையில்லாமல் திரும்பிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடு, பிள்ளைகளின் பள்ளி, காரின் தவணை எல்லாமே சேர்ந்து ஆடும். வீட்டு வாடகைக்கு வருடத் தொடக்கத்திலேயே பின்தேதியிட்ட செக்குகளைக் கொடுத்துவிட வேண்டும். 2022 ஜனவரியில் சட்டம் தளர்த்தப்படும் வரை, பணமில்லாமல் செக் திரும்பினால் அது குற்ற வழக்கு. மகனுக்கு 18 வயதாகிவிட்டால், படித்துக்கொண்டிருந்தால் ஒழிய, அப்பாவின் ஸ்பான்சரில் வைத்துக்கொள்ள முடியாது என்ற விதி இருந்தது. 2022 அக்டோபரில்தான் திருமணமாகாத மகன்களுக்கு அந்த வரம்பு 25 ஆனது.

இப்படிப்பட்ட இடத்தில் முப்பது வருடம் காலம் தள்ளியவர் எச்சரிக்கையாக இருப்பதில் குறை காண என்ன இருக்கிறது? அந்த எச்சரிக்கைதான் நம்மைப் படிக்கவைத்தது. எனக்கு மாஸ்டர்ஸ் பட்டம் கிடைத்ததும் அதனால்தான்.

ஆனால் மழைக்குப் போட்ட கோட்டை வீட்டுக்குள் வந்த பிறகும் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறோம். விசாவுக்கும் செக்குக்கும் தேவைப்பட்ட விவரம் இப்போது நட்புக்கும் விளையாட்டுக்கும் அன்புக்கும் வந்துவிட்டது.

பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஆறு வருடமாகத் தெரியாது. "எதுக்கு வம்பு?" ஒருவன் "கோர்ஃபக்கான் கடற்கரைக்குப் போகலாமா, இப்பவே?" என்று கேட்டால், உடனே ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் ஒரு வாக்கெடுப்பு, மூன்று வாரம் விவாதம், கடைசியில் யாரும் போகவில்லை. வயலின் கற்கும் பெண்ணிடம் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்கமாட்டோம். எத்தனாவது கிரேடு என்று கேட்போம். முன்பின் தெரியாத ஒருவர் காரணமே இல்லாமல் உதவி செய்தால், இன்சூரன்ஸ் விற்க வருகிறாரோ என்று சந்தேகம். மகிழ்ச்சிக்கென்று 2016இல் ஒரு அமைச்சரையே நியமித்த நாடு இது. நாமோ அந்த மகிழ்ச்சியைக்கூட அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

இரண்டு மடம்

"அப்படியானால் ஏமாளியாக இருக்கச் சொல்கிறீர்களா அண்ணா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம் மொழியிலேயே ஆள் இருக்கிறார்.

வெகுளி என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் கோபம் என்று பொருள். திருக்குறளில் 'வெகுளாமை' என்ற அதிகாரம் கோபப்படாமல் இருப்பதைப் பற்றியது. இன்று நாம் சூதுவாது தெரியாதவனை வெகுளி என்கிறோம். பழைய தமிழில் அந்த இடத்தில் இருந்த சொற்களில் ஒன்று மடம். அறியாமை, எதையும் கணக்குப் பார்க்காத எளிமை என்றெல்லாம் அதற்குப் பொருள்.

புறநானூற்றின் 142ஆம் பாட்டில் பரணர், வையாவிக் கோப்பெரும் பேகன் என்ற குறுநில மன்னனைப் பாடுகிறார். மழையில் ஆடிய மயிலுக்குக் குளிரும் என்று நினைத்துப் போர்வை கொடுத்தானே, அந்தப் பேகன்தான். விவரமான ஆள் எவனாவது இதைச் செய்வானா? மயில் போர்வையைப் போர்த்திக்கொள்ளுமா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். பேகன் யோசிக்கவில்லை. பரணர் அதைக் கேலி செய்யவில்லை; அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்: கொடைமடம். கொடுப்பதில் கணக்கறியாத வெகுளித்தனம். வறண்ட குளம், விளைநிலம், ஒன்றும் முளைக்காத உவர்நிலம் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் பெய்கிற மழையோடு அவனை ஒப்பிடுகிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார். கொடுப்பதில் மடம் உண்டே தவிர, பேகனிடம் படைமடம் கிடையாது. போர்க்களத்தில் அவன் ஏமாறமாட்டான்.

இன்று நான் சொல்லவந்தது மொத்தமும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம். படைமடம் வேண்டாம். கொடைமடம் வேண்டும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பிரித்து வைத்துவிட்டார்கள். நாம்தான் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "வெகுளித்தனம்" என்று பெயர் எழுதிக் குப்பையில் போட்டுவிட்டோம்.

மணல் திடலில் இரண்டு பாடம்

புத்தகத்தில் மட்டும்தான் இது என்று நினைத்தால், விடுமுறைக் காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து வெளியே வாருங்கள். முன்பு வெள்ளிக்கிழமை, 2022 ஜனவரியில் வார விடுமுறை மாறிய பிறகு பலருக்கு ஞாயிறு. சார்ஜாவிலும் தேராவிலும் அல் கூஸிலும் காலியாகக் கிடக்கும் மணல் மனைகளில் வெயில் ஏறுவதற்கு முன் கிரிக்கெட் நடக்கும். டென்னிஸ் பந்தின் மேல் எலக்ட்ரிக்கல் டேப். ஸ்டம்புக்குப் பதில் பெயின்ட் டப்பாவோ பழைய கிரேட்டோ. ஆடுகிறவர்கள் வாரம் ஆறு நாள் உடம்பு நோக வேலை செய்கிறவர்கள். டாக்சி ஓட்டுகிறவர், ஏசி மெக்கானிக், க்ரோசரிப் பையன், ஆபீஸ் பாய். ஒரு ஓவருக்குள் தமிழ், மலையாளம், உருது, பெங்காலி எல்லாம் கேட்கும்.

அங்கே போய் நின்று "ஆள் வேணுமா பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வேலை என்ன, சம்பளம் என்ன, எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "அந்தப் பக்கம் நில்லு" என்பார்கள். அவ்வளவுதான், நீங்கள் டீமில் சேர்ந்தாயிற்று. தூங்கி ஓய்வெடுப்பதுதான் விவரமான செயல் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் விடியற்காலையில் வந்து நாற்பது வயது ஆள் டைவ் அடித்து கேட்ச் பிடிக்கிறார். நம் தகுதியில் பாதி இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கிற மனிதர்களிடம், நாம் தொலைத்த ஒன்று பத்திரமாக இருக்கிறது.

அதே கிரிக்கெட்டில் இரண்டு மடத்துக்கும் அமீரகத்திலிருந்தே உதாரணம் சொல்லலாம்.

1996 உலகக் கோப்பை. ராவல்பிண்டியில் அமீரகம், தென்னாப்பிரிக்காவை எதிர்கொண்டது. அமீரக கேப்டன் சுல்தான் ஸர்வானி ஹெல்மெட் போடாமல், ஒரு வெயில் தொப்பியோடு ஆடவந்தார். பந்து வீசுபவர் ஆலன் டொனால்ட், அன்று உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்களில் ஒருவர். முதல் பந்தே தலையில் அடித்தது. ஸர்வானி தொடர்ந்து ஆடி, ரன் ஏதும் எடுக்காமல் அவுட் ஆனார். பிறகு மருத்துவமனைக்குப் போகவேண்டியதாயிற்று. கேட்கச் சுவாரசியமான கதை. ஆனால் இது படைமடம். ஹெல்மெட் இருக்கும்போது அதைப் போடாமல் போவதில் வீரமும் இல்லை, அழகும் இல்லை.

இன்னொன்று 2022 அக்டோபர் 18, ஆஸ்திரேலியாவின் ஜீலாங். டி20 உலகக் கோப்பையில் அமீரகமும் இலங்கையும். சென்னையில் பிறந்து துபாயில் வளர்ந்த 22 வயது கார்த்திக் மெய்யப்பன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் ராஜபக்ச, அசலங்க, கேப்டன் ஷனக மூவரையும் வெளியேற்றினார். ஹாட்ரிக். ஷனகவை வீழ்த்தியது ஒரு கூக்ளி. லெக் ஸ்பின் என்பதே அடி வாங்கத் தயாராக இருக்கிறவனின் கலை. விவரமாக, தட்டையாக, வேகமாகப் போட்டால் சிக்சர் குறையும், விக்கெட்டும் குறையும். பந்தை மேலே தூக்கிக் கொடுத்து "அடிச்சுக்கோ" என்பதில் ஒரு கொடைமடம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சியும் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் அமீரகம் 79 ரன்னில் தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தோற்ற ஆட்டத்தில் எடுத்த அந்த மூன்று பந்துகளைத்தான் இன்றும் பேசுகிறோம்.

புரியாததைக் கேட்கிற தைரியம்

என் வேலைக்கு வருகிறேன். அலுவலகத்தில் விவரமானவர்களின் முதல் விதி: புரியாவிட்டாலும் தலையாட்டு.

ஒரு நிறுவனத்தின் பழைய மென்பொருளைப் புதியதற்கு மாற்றும் வேலை. ஒவ்வொரு இரவும் ஓடுகிற ஓர் அறிக்கையையும் மாற்றியாக வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. அதற்கு எத்தனை வாரம், எத்தனை ஆள் என்று பெரியவர்கள் எல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். கல்லூரி முடித்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் கையைத் தூக்கி, "இந்த ரிப்போர்ட்டை யார் சார் படிக்கிறாங்க?" என்று கேட்டாள். அறையில் சிரிப்பு. விசாரித்துப் பார்த்தால் யாரும் படிப்பதில்லை. கேட்டு வாங்கியவர் வேலையை விட்டுப் போயே பல வருடம் ஆகிவிட்டது. அந்த வேலை பட்டியலிலிருந்தே நீங்கியது. அனுபவம் இருந்த யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்ற பயமே வாயை அடைத்திருந்தது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாசா கதை ஒன்று உண்டு. 1999 செப்டம்பர் 23 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்தது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைத் தந்தது. எடுத்துக்கொண்ட குழு அவற்றை நியூட்டன் கணக்கு என்று நினைத்தது. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போகவேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. பாதை சரியில்லையோ என்ற சந்தேகம் சிலருக்கு முன்பே இருந்தது. அது உரிய இடத்துக்கு அழுத்தமாகப் போய்ச் சேரவில்லை. "இந்த எண் எந்த அலகில் இருக்கிறது?" என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி. அது கேட்கப்படவேண்டிய நேரத்தில் கேட்கப்படவில்லை.

செவ்வாய் என்றதும் நம் ஊர் கதையும் ஞாபகம் வருகிறது. 2014இல்தான் அமீரகம் விண்வெளி முகமையையே தொடங்கியது. அதே ஆண்டில், நாட்டின் 50ஆவது ஆண்டு நிறைவுக்குள் செவ்வாய்க்குக் கலம் அனுப்புவோம் என்றும் அறிவித்தது. விவரமானவர்கள் சிரித்திருப்பார்கள். 2021 பிப்ரவரி 9 அன்று ஹோப் விண்கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அதற்கும் முன்னால் போனால், துபாய் க்ரீக்கை ஆழப்படுத்தும் வேலை 1961இல் முடிந்தது. குவைத்திடம் கடன் வாங்கிச் செய்த வேலை அது. துபாயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல். எண்ணெய் இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே, மண் அடைந்த ஒரு நீரோடையை நம்பிக் கடன் வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் நம் பிள்ளைகளுக்கு "ரிஸ்க் எடுக்காதே" என்கிறோம்.

உவர்நிலத்தில் பெய்த மழை

2024 ஏப்ரல் 16 உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் மழை. 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இந்த நாடு அப்படி ஒரு மழையைக் கண்டதில்லை. சார்ஜாவில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. லிஃப்ட் இல்லை, மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை.

அந்த வாரத்தில்தான் பேகன்களைப் பார்த்தேன். ரப்பர் படகிலும் கயாக்கிலும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பையன்கள் வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் யாரோ ஒரு பாட்டியின் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஃபார்மசிக்கு நடந்தார்கள். வருடக்கணக்கில் ஹலோ சொல்லாத அண்டை வீட்டார் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து பிரியாணி சாப்பிட்டார்கள். யாரும் யாருடைய பின்னணியையும் சரிபார்க்கவில்லை. தண்ணீர் வடிந்தது. கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன. எனக்குக் கோபம் அங்கேதான். அந்தக் குணம் நம்மிடம் இல்லாமல் இல்லை. பேரிடர் வந்தால் மட்டும் வெளியே விடுவோம் என்று பூட்டி வைத்திருக்கிறோம்.

"உனக்குச் சொல்வது சுலபம்"

இப்போது ஒரு எதிர்வாதம், நியாயமானது. நல்ல சம்பளம் வாங்குகிற கன்சல்டன்ட் வெகுளித்தனத்தைப் புகழலாம். அதனால் ஏமாந்தவனுக்குத்தான் வலி தெரியும். உண்மை. ஏஜென்டின் வாய்ச்சொல்லை நம்பி, நிலத்தை அடகு வைத்து வந்து, சொன்ன வேலையும் இல்லாமல் சொன்ன சம்பளமும் இல்லாமல் லேபர் கேம்ப்பில் மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் நான் வெகுளித்தனத்தின் அழகைப் பேசமாட்டேன்.

ஆனால் அது படைமடம். அதற்கு மருந்து தகவல். மனிதர்கள் மேல் பொதுவான சந்தேகம் அதற்கு மருந்தாகாது. ஊரில் உங்கள் சித்தப்பா மகனோ மாமா பையனோ வரத் தயாராகிறான் என்றால் இதைச் சொல்லிக்கொடுங்கள். இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைத்துக்கொள்ளக்கூடாது. தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை உத்தரவு தமிழிலும் கிடைக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். இவை ஹெல்மெட். இவற்றைப் போட்டுக்கொண்டவன் பிறகு தாராளமாகச் சிரிக்கலாம், நம்பலாம், கொடுக்கலாம்.

விவரமானவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். இருபது பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமல் "ஐ அக்ரீ" அழுத்துவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த முதலீட்டுத் திட்டத்தில் பணம் போடுவார்கள். ஆனால் பத்து திர்ஹாம் கடன் கேட்ட ரூம்மேட்டைப் பார்த்து ஆயிரம் யோசிப்பார்கள். களத்தில் மடம், கொடையில் கஞ்சம். பேகனைத் தலைகீழாக நிற்கவைத்தது போல.

ஆகவே, தம்பி தங்கைகளே

கையெழுத்துப் போடும் இடத்தில் மிகவும் விவரமாக இருங்கள். பேனாவைக் கீழே வைத்ததும் விவரத்தையும் கீழே வையுங்கள். வகுப்பில் புரியாததைக் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவன் சிரித்தாலும். பிடித்த ஒன்றை மார்க்குக்கும் சர்டிஃபிகேட்டுக்கும் சம்பந்தமில்லாமல் செய்யுங்கள். மோசமாகவே செய்தாலும் பரவாயில்லை. ஒரு மாலை திடீரென்று ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா ஏறி, க்ரீக்கின் அந்தப் பக்கம் போய் ஒரு கரக் சாய் குடித்துவிட்டு வாருங்கள். போட்டோ எடுக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. பக்கத்து ஃப்ளாட் கதவைத் தட்டிப் பொங்கல் கொடுங்கள். வாங்கிக்கொண்டவர் திருப்பி எதுவும் தராவிட்டால் கணக்கு வைக்காதீர்கள்.

நாளைக்கு யாராவது உங்களை "வெகுளி" என்றால், எந்த விஷயத்தில் என்று மட்டும் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட விஷயத்தில் என்றால் நன்றி சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். கொடுத்த விஷயத்தில், கேள்வி கேட்ட விஷயத்தில், விளையாடப் போன விஷயத்தில் என்றால், ஆமாம் என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.